நூற்று நாற்பத்திரண்டாம் நம்பர் வீடு

எங்கள் மகிழம்பேட்டை திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் கிராமம். செவ்வாய்க்கிழமை காலையில் விழுப்புரம் டவுனின் கடைசி வார்டு. யுத்தம் முடிந்த மறு வருஷம் நடந்தது இது. ஊர் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை, கோலியனூர் ரோட்டில் ஒரு குழியைக்கூட யாரும் மூடவில்லை. ஆனாலும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேர்க்கடலை விற்கிறவள்கூட அன்றைக்கு 'டவுனு மல்லாட்டை' என்று கூவித்தான் விற்றாள்.

என் பேர் சவுரியம்மாள். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாயும் கோபமும் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்கே படுத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களையே திருப்பிக் கேளுங்கள்.

மகிழம்பேட்டையில் ஒரு அரண்மனை உண்டு. ஜமீன்தார் குடும்பம் பட்டணத்துக்குக் குடிபோய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அரண்மனையும் அதைச் சுற்றிய தோட்டமும் காரியஸ்தர் தாண்டவராயன் கையில் இருந்தன. தோட்டம் என்றால் சும்மா தோட்டம் இல்லை. முன்கேட்டில் இரண்டு கல் சிங்கம். உள்ளே போனால் தாமரைக்குளம், குளத்து நடுவில் வாயால் தண்ணீர் பீய்ச்சுகிற கல் மீன், குரோட்டன்ஸ் செடி, சப்போட்டா, ஒட்டு மாமரம், ஊருக்கே பேர் கொடுத்த மகிழ மரங்கள். அந்த மண்ணை வெட்டிக் கொத்தித் தோட்டமாக்கியது எங்கள் ஜனம். பின்மதிலை ஒட்டி இருபத்துமூன்று மண்சுவர் வீடுகளில் நாங்கள் இருந்தோம். தோட்டக்கார வரிசை என்று அதற்குப் பேர். போக வர எல்லாம் பின்கதவு வழியாகத்தான். சிங்கக் கேட்டில் நாங்கள் கால் வைக்கக் கூடாது.

கூலி வேலை போக 'முறை' என்று ஒன்று இருந்தது. அரண்மனை மேஸ்திரி காவியைக் குழைத்து எடுத்துவந்து எந்த வீட்டுச் சுவரில் கோடு இழுக்கிறாரோ, அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் கூலி இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைத்து முடித்தால் அரண்மனைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு கொடுப்பார்கள். அதைக் கரைத்துக் கோட்டின்மேல் பூசி அழித்துவிட்டால் முறை தீர்ந்தது. பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு என்றெல்லாம் காவிக்குத் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே எங்கள் சுவரில் கோடு விழுந்தது. சுவரில் காவியைப் பார்த்தாலே எங்கள் ஜனத்துக்கு வயிறு எரியும். அழித்த பிறகுதான் சோறு இறங்கும்.

அந்தத் திங்கட்கிழமை மொத்த வரிசைக்கும் தோட்டத்தில் வேலை. மறுநாள் முனிசிபல் சேர்மன் வரப் போகிறார், தாமரைக்குளத்து ஓரத்தில் டீ பார்ட்டி, அங்கேயே வார்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு ஊரை டவுனோடு சேர்க்கப் போகிறார். குழந்தை குட்டி முதற்கொண்டு எல்லாரும் புல் செதுக்கினோம், காகிதக் கொடி கட்டினோம், அரண்மனை ஆட்கள் கல் சிங்கத்தைக்கூடத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வீடு திரும்பப் பின்கதவுக்கு வந்தால், அங்கே காரியஸ்தரே சிரித்த முகமாக நிற்கிறார். பக்கத்தில் இரண்டு கூடை சுண்ணாம்பு. நாளையிலிருந்து மகிழம்பேட்டை டவுன், டவுனில் முறை கிடையாது, சுவரில் இருக்கிற காவியை எல்லாம் அழித்துவிட்டுப் பளிச்சென்று இருங்கள், சேர்மன் பார்ப்பார் என்றார்.

ஒரு பிடிக்குமேல் ஒரு விரல் சுண்ணாம்பு கொடுக்காத மனுஷன் இரண்டு கூடை தருகிறானே, எதற்கு என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. இவ்வளவு பேசுகிற எனக்கே தோன்றவில்லை. முறை கிடையாது என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

வரிசைக்கு வந்தால் சுவர்களில் புதுக் காவி ஈரம் காயாமல் இருந்தது. நாளைய முறைக்கு மேஸ்திரி இன்றைக்கே இழுத்துவைத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். அது கோடா, எழுத்தா, என்ன ஏது என்று எவள் நின்று பார்த்தாள்? பார்த்தாலும் படிக்க வரிசையில் யாருக்குத் தெரியும்? காவி என்றால் அரண்மனை. அழித்துவிட வேண்டியதுதான். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் வீடு குப்பம்மாளுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறவள், நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவள், மற்றபடி எங்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது. அவள் சுவரில் முதல் பூச்சு பூசியவள் நான்தான். வீடுகளில் இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றிச் சுண்ணாம்பு கரைத்தோம். தென்னம்மட்டையை நசுக்கிக்கொண்டு சிரிப்பும் கூச்சலுமாக வீடு வீடாகப் போனோம். ஒருத்தி தாலாட்டுப் பாடினாள், காவிக்குத் தாலாட்டாம். வரிசையின் கடைசி வீடு என்னுடையது. அங்கே வந்து சேரும்போது கண் தெரியாத அளவுக்குப் பொழுது மங்கிவிட்டது. ஆனாலும் விடுவேனா? மற்றவர்களுக்கு ஒரு பூச்சு, எனக்கு மூன்று பூச்சு. என் புருஷன் இருதயராஜ் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அரண்மனையில் கவலை ஓட்டுகிறவர், அதாவது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறவர். போதும் சவுரி, சுவர் தாங்காது என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓவர்சியர் சீனுவாசன் வந்தார். மூக்கில் தடித்த கண்ணாடி, கக்கத்தில் பெரிய புத்தகம், பின்னாலேயே காரியஸ்தர். நான் அப்போதுதான் அரண்மனைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தேன். ஓவர்சியர் குப்பம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்தார், அடுத்த சுவரைப் பார்த்தார், கடைசி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். நம்பர் எங்கே என்று கேட்டார். என்ன நம்பர் என்று நாங்கள் கேட்டோம்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் நாங்கள் தோட்டத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது முனிசிபாலிட்டி குமாஸ்தா ஒருவர் வந்து, வீட்டுக்கு வீடு காவியில் நம்பர் எழுதியிருக்கிறார். அழிக்காமல் வைத்திருக்கும்படி ஜனங்களிடம் சொல்லுங்கள் என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டுத் திண்டிவனம் ரயிலைப் பிடித்துப் போய்விட்டார். சுவரில் இருக்கிற நம்பரைப் பார்த்து, அதற்கு நேரே குடியிருக்கிறவர் பேரை எழுதுவது ஓவர்சியர் வேலை. புத்தகத்தில் ஏறினால் அது டவுன் வீடு, நினைத்தபோது யாரும் இடிக்க முடியாது. ஏறாவிட்டால் அது அரண்மனைச் சொத்து, அரண்மனை எதையும் செய்துகொள்ளலாம். பதினொரு மணிக்குச் சேர்மன் கையெழுத்துப் போட்டுவிட்டால் புத்தகம் மூடியது மூடியதுதான். பின்மதில் ஓரம் லாரி ஷெட்டு போட ஒரு வியாபாரியைக் காரியஸ்தர் இரண்டு தடவை கூட்டிவந்து இடம் காட்டியது எங்கள் எல்லாருக்குமே தெரியும்.

இரண்டு கூடை சுண்ணாம்பு. அந்தச் சிரிப்பு. என் வீட்டை நானே என் கையால் அழித்திருக்கிறேன், அதுவும் மூன்று பூச்சு. போதாததற்கு ஊர் வீட்டையெல்லாம் சேர்த்து அழித்திருக்கிறேன்.

ஓவர்சியர் கெட்டவர் இல்லை. சங்கடப்பட்டார். நம்பர் இல்லாமல் பேர் எழுத எனக்கு அதிகாரம் இல்லையே என்றார். காரியஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதெல்லாம் அரண்மனைக் கொட்டாய் சார். தோட்டத்து ஆளுங்க மழைக்கு ஒதுங்கட்டும்னு போட்டது. ஊட்டுக் கணக்குல வராது."

கொட்டாய் என்றாரா, அவ்வளவுதான். இடுப்பில் இருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையைப் பார்த்து எறிந்தேன். பொய் சொல்ல மாட்டேன், மண்டை உடையட்டும் என்றுதான் எறிந்தேன். மனுஷன் குனிந்துவிட்டார். குடம் குப்பம்மாள் வீட்டுச் சுவரில் போய் மோதிச் சுக்கு நூறாக உடைந்தது.

சுவரில் தண்ணீர் பரவி இறங்கியது. நனைந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பு மங்கி, உள்ளே இருந்த மண் நிறம் தெரிந்தது. மண்ணோடு மண்ணாகச் சிவப்பாக எதுவோ தெரிந்தது. ஓவர்சியர் குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவருக்குக் கிட்டே போனார்.

"நூத்தி இருபது," என்று படித்தார்.

குப்பம்மாள் ஆத்தா என்று மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அறுபது வருஷத்துக்கு முன்னால் பிறந்த ஊரில் வைத்த பேர் ஒன்று இருந்ததே தவிர, இந்த இடம் உன்னுடையது என்று எவரும் ஒரு எண்ணைச் சொன்னதில்லை. ஓவர்சியர் அவள் பேரைக் கேட்டு எழுதினார். எழுதி முடிப்பதற்குள் வெயில் பட்டுச் சுவர் காய ஆரம்பித்தது. சிவப்பு மறுபடி வெளுப்புக்குள் போய்விட்டது.

"தண்ணி ஊத்துங்க. காயறதுக்குள்ள படிச்சி எழுதிடறேன். ஆனா பதினோரு மணிக்குள்ள முடியணும்," என்றார் ஓவர்சியர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே கால்.

தண்ணீர் எங்கே? வீட்டில் இருந்ததெல்லாம் நேற்றே சுண்ணாம்பில் போயிற்று. கிணறு அரண்மனைக்குள் இருக்கிறது. நான் பின்கதவுக்கு ஓடினேன். அதற்குள் காரியஸ்தர் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிச்சம் இருந்தது ஒரே வழி. குடத்தை எடுத்துக்கினு வாங்கடி என்று கத்தினேன். இருபது பெண்பிள்ளைகள், குடம், தவலை, குண்டான், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி முன்பக்கம் ஓடினோம்.

சிங்கக் கேட்டு திறந்துதான் இருந்தது. வாட்ச்மேன் விருத்தாசலம் புதுத் தலைப்பாகையோடு நின்றான். நாங்கள் வருவதைப் பார்த்ததும் தடியைக் குறுக்கே நீட்டினான். அவனும் எங்கள் வரிசைதான், ஏழாவது வீடு.

"ஏழாவது ஊடு யாருதுன்னு யோசிச்சிக்கினு தடிய நீட்டு," என்றேன்.

யோசித்தான். தடியைக் கீழே இறக்கிவிட்டு, சிங்கத்துக்கு ஏதோ ஆகிவிட்ட மாதிரி அதன் முகத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். நாங்கள் உள்ளே நுழைந்தோம். எங்கள் பாட்டன் நட்ட மகிழ மரங்களை முன்பக்கத்திலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நின்று பார்க்க நேரமில்லை. நாற்காலி போட்டுப் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் தயாராக இருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குடத்தோடு வருவதைப் பார்த்து, சேர்மனுக்குப் பூரணகும்ப மரியாதை வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள் போல. டமாரென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய மனுஷர்கள் எல்லாம் எழுந்து நின்று கை கூப்பினார்கள். எனக்கு வந்த சிரிப்பில் குடம் கைநழுவப் பார்த்தது. ஒருத்தரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தாமரைக்குளத்தில் இறங்கி, இலையை விலக்கி, முக்கி எடுத்தோம். வாத்தியம் முழங்க முழங்கத் திரும்பி ஓடினோம்.

கொண்டுவந்த தண்ணீர் எட்டு வீட்டுக்கு வந்தது. ஒருத்தி வீசுவாள், ஓவர்சியர் படிப்பார், குடியிருப்பவர் பேரைச் சொல்வார், ஓவர்சியர் எழுதிக்கொண்டு அடுத்த சுவருக்குத் தாவுவார். நூற்றிருபத்தொன்று, நூற்றிருபத்திரண்டு. ஒவ்வொரு நம்பருக்கும் குழந்தைகள் கூடவே கத்தின. விருத்தாசலம் வீட்டு நம்பர் வந்தபோது அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் ஒன்பதாம் வீட்டோடு குடம் காலி. மணி பத்து நாற்பது. இன்னொரு தடவை மதிலைச் சுற்றி ஓடித் திரும்பினால் நேரம் போய்விடும்.

அப்போதுதான் பின்கதவின் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உள்ளே இருதயராஜ் நின்றார். கவலை மாட்டை நிறுத்திவிட்டு, மேஸ்திரியை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறார். தோளில் இருந்த இரண்டு தவலைத் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு மறுபடி கிணற்றுக்குப் போனார். இவரா, இந்த மனுஷரா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. காரியஸ்தர் பேர் சொல்லி அதட்டினார், வேலை போய்விடும் என்றார். இருதயராஜ் காது கேளாதவர் மாதிரி தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

அப்புறம் நாங்கள் பறந்தோம். ஜல்தி ஜல்தி என்று குப்பம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டினாள். நூற்று முப்பத்தொன்பது, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று. ஓவர்சியர் சட்டையெல்லாம் நனைந்து சுண்ணாம்பும் சேறுமாக இருந்தார், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றுக்கு ஆறு நிமிஷம். மிச்சம் ஒரே ஒரு வீடு, என்னுடையது.

ஒரு குடம் வீசினேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு குடம். சுவர் பால்வெளுப்பாகவே இருந்தது. மூன்று பூச்சு. இருதயராஜ் கொண்டுவந்த இரண்டு தவலையையும் ஒன்றாக ஊற்றினோம். வெளுப்பு கொஞ்சம் மங்கியதே தவிரச் சிவப்பைக் காணோம். கோணிச்சாக்கை நனைத்துச் சுவரில் அழுத்திப் பிடித்தேன், எடுத்துப் பார்த்தேன். சூசையப்பரே, சூசையப்பரே என்று வாய் முணுமுணுத்தது. சுரண்டலாமா என்று குப்பம்மாள் கேட்டாள். சுரண்டினால் காவியும் சேர்ந்து போய்விடும் என்றார் ஓவர்சியர். தோட்டத்தில் வாத்தியம் மறுபடி எழும்பியது. சேர்மன் நிஜமாகவே வந்துவிட்டார்.

"விடுங்க சார். இருபத்திரண்டு போச்சி, இந்த ஒண்ணாவது கொட்டாயா இருக்கட்டும்," என்றார் காரியஸ்தர்.

இந்தத் தடவை எறிய என் கையில் ஒன்றும் இல்லை. எறிகிற கோபமும் இல்லை. அத்தனை பேர் வீடும் ஏறி, என் வீடு மட்டும், என் கையாலேயே. ஓவர்சியர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையில் துடைத்தார், போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார், மறுபடி கழற்றினார்.

"எனக்குக் கண்ணாடி பழசு. ஒண்ணும் தெரியலை. வேற யாருக்காவது தெரியுதா?" என்று கேட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு நம்பரை வரிசையாகக் கேட்டவள் நான். எழுதத் தெரியாவிட்டால் எண்ணத் தெரியாதா?

"எனக்குத் தெரியுதுங்க சார். நூத்தி நாப்பத்திரண்டு."

காரியஸ்தர் சிரித்தார். இவளுக்குப் படிக்கத் தெரியாது என்றார். ஓவர்சியர் அவரைப் பார்க்கவில்லை. இருதயராஜ் பக்கம் திரும்பி, உனக்குத் தெரிகிறதா என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்கு ஒரு பாவமும் கிடைக்காமல் சாமியாரிடம் திணறுகிற மனுஷர் அவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சுவரை நிதானமாகப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார்.

"தெரியுதுங்க," என்றார்.

ஓவர்சியர் எழுதினார். நூற்று நாற்பத்திரண்டு, இருதயராஜ், சவுரியம்மாள். இரண்டு பேரையும் எழுதினார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குள் ஓடினார். சேர்மன் கையெழுத்துப் போட்டதும் வாத்தியம் முழங்கியது எங்கள் வரிசைக்குக் கேட்டது. பெண்பிள்ளைகள் எல்லாம் மிச்சத் தண்ணீரை ஒருத்திமேல் ஒருத்தி ஊற்றிக்கொண்டு ஆடினோம். குப்பம்மாள் அந்த வயதில் ஆடிய ஆட்டத்தை வரிசையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இருதயராஜுக்கு மறுநாளே அரண்மனை வேலை போயிற்று. போகட்டும் என்றேன். விழுப்புரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார். லாரி ஷெட்டுக்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் அடித்ததில் வரிசை முழுக்கச் சுவர்களில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குப்பம்மாள் சுவரில் நூற்றிருபது நல்ல சிவப்பாக வெளியே வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. எங்கள் நம்பரையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நானும் இருதயராஜும் வாசலில் நின்றோம். முதல் பூச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. கடைசிப் பொருக்கை நானே விரலால் தள்ளினேன்.

வெறும் மண்சுவர்தான் இருந்தது. ஒரு பொட்டுக் காவி இல்லை. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன், மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். குமாஸ்தா எங்கள் வீட்டுக்கு நம்பர் எழுதவே இல்லை. அப்போது எங்கள் கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஆட்டுக்கொட்டாய் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான்தான் வாய்க்கு வந்தத சொன்னேன். நீ தெரியுதுன்னு சொன்னியே, இன்னாத்தய்யா பார்த்த?" என்று கேட்டேன்.

"ஊட்ட பார்த்தேன்," என்றார் இருதயராஜ்.